டாக்டரிடம் கேளுங்கள்: பேத்தாலஜிக்குப் புதுசா?

போன இதழில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு பதிலில், நான் பேத்தாலஜி டாக்டர், அதாவது உடலிலிருந்து எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிறவன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சர்க்கரையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஜூலையில் பேத்தாலஜி ரெசிடென்ட்டாக, அதாவது சிறப்புப் பயிற்சி டாக்டராக, சேருகிறேன். இரண்டு வருடம் வார்டிலேயே ஓடிவிட்டது, மைக்ரோஸ்கோப்பைத் தொட்டே நாளாகிறது. சேருவதற்கு முன் எதைப் படிப்பது? புதிதாக வருகிறவரிடம் சீனியர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? (பெயர் வேண்டாம், செங்காங்)

வாழ்த்துகள். வார்டில் ஓடிய இரண்டு வருடத்தை வீண் என்று நினைக்காதீர்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

உங்களுக்குப் பேத்தாலஜி தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தால் ஐந்து வருடப் பயிற்சி எதற்கு? படித்தே தீருவேன் என்றால் நோய்களை ஓரம்கட்டிவிட்டு, நோயில்லாத உறுப்பு மைக்ரோஸ்கோப்பில் எப்படி இருக்கும் என்பதைப் படியுங்கள். முதல் வருடத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். புராஸ்டேட் பயாப்சியில் விந்துப்பையின் துணுக்கு ஒன்று சில சமயம் சேர்ந்து வந்துவிடும். அதன் செல்களில் உட்கரு இயல்பாகவே பெரிதாக, கறுத்து, கோணல்மாணலாக இருக்கும்; பார்த்த மாத்திரத்தில் புற்றுநோய் என்று எழுதக் கை துடிக்கும். அந்தச் செல்களுக்குள் பொன்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு நிறமி கிடக்கும். அது இங்கே இயல்பாக இருப்பதுதான் என்று ஏற்கெனவே பார்த்து வைத்தவர் தப்பித்தார், பாடப்புத்தகத்தில் புற்றுநோய் அத்தியாயத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொண்டார்.

எதிர்பார்ப்பு என்று கேட்டீர்கள். நான் புதியவரின் கையைப் பார்ப்பேன். மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இல்லை, அதற்கு முந்தைய மேசையில். அறுவை சிகிச்சையில் எடுத்த உறுப்பை அளந்து, விவரித்து, வெட்டி, எந்தத் துண்டு கசெட் என்கிற சின்ன டப்பாவுக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்கிற மேசை. எங்கள் இடத்தில் டிரிம்மிங் என்போம், வேறு இடங்களில் கிராஸிங். அங்கே வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. ஸ்லைடைத் தப்பாகப் படித்தால் இன்னொருவர் சரியாகப் படிக்கலாம். மேசையில் தப்பாக வெட்டினால் அந்த நோயாளிக்கு வேறு சதை கிடையாது.

என் கதையையே சொல்கிறேன். சேர்ந்து ஐந்தாவது வாரம். மார்பகக் கட்டி ஒன்று, சுற்றியுள்ள கொழுப்போடு ஓர் உள்ளங்கை அளவு. சர்ஜன் அதில் இரண்டு நூல் தைத்து அனுப்பியிருந்தார், குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். எந்த ஓரத்தில் கட்டி மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால்தானே எங்கே மறுபடி வெட்டுவது என்று அவருக்குத் தெரியும்? அதற்காகத்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறத்தில் மை பூசுகிறோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எடை போடும்போது நூல் தொங்கிக்கொண்டு தராசில் ஒட்டுகிறதே என்று, அழகாக, இரண்டையும் கத்தரித்துவிட்டேன். மை பூசுவதற்கு முன்னால்.

கையில் இருந்தது திசை தெரியாத ஒரு கொழுப்பு உருண்டை. ஐந்து நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இதுதான் மேல் என்று ஒரு ஊகம்கூட வந்தது. அந்த ஊகத்தின்மேல் மை பூசியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து மேசைச் சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, போனை எடுத்து என் கையில் கொடுத்தார். பச்சை உடையோடு இறங்கி வந்த சர்ஜன், தோல் துணுக்கையும் தான் வெட்டிய தளத்தையும் வைத்து இரண்டு நிமிடத்தில் திசையைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டுப் போனார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

அதனால் சேர்ந்த புதிதில் செய்யவேண்டியது: கத்தியை எடுக்கும் முன் ஜாடி, படிவம் இரண்டிலும் பெயரும் ஐசி எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். நம் ஊரில் ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு டான், இரண்டு லிம், சில நாள் இரண்டு கிருஷ்ணன் த/பெ ராமசாமி கூட வருவார்கள். அப்புறம் அளந்து எழுதுங்கள், படம் எடுங்கள், மை பூசுங்கள், கடைசியில்தான் கத்தி. மை காய்ந்ததும் உடனே கீறி, சதை கெடாமல் காக்கிற ஃபார்மலினில் போடுங்கள். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். முழு உருண்டையாகவே ஜாடியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் நடுப்பகுதி கெட்டுப்போகும், கட்டி ஹார்மோன் மருந்துக்குக் கேட்குமா என்று பார்க்கிற ஹார்மோன் ஏற்பிச் சோதனையின் முடிவை நம்ப முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கு அந்தச் சோதனை செய்ய, திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிற கட்டிகளுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் 23 வருடமாக டெக்னாலஜிஸ்ட். புது ரெசிடென்ட்கள் கசெட்டில் சதையைப் பிதுங்கப் பிதுங்கத் திணிக்கிறார்கள், மூடியே மூடாது. மறுநாள் சதையை மெழுகில் பதித்த பிளாக்கை வெட்டும்போது அவதிப்படுவது நாங்கள். சொன்னால் 'சாரி அக்கா' என்பதோடு சரி. நீங்களாவது எழுதுங்கள். (ஒரு வாசகி, ஜூரோங்)

எழுதிவிட்டேன், பத்திரிகையை மேசையில் விரித்து வையுங்கள்.

செங்காங் டாக்டரும் இதைப் படிக்க வேண்டும். கசெட் என்பது தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் வைக்கிற துண்டு 3 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும், சுற்றிலும் இடம் வேண்டும். ராத்திரி முழுக்க மெஷின் அதை ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஒவ்வொன்றாக முக்கி எடுக்கிறது. சதை பிதுங்கி நின்றால் எதுவும் உள்ளே போகாது. காலையில் மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவும்போது, ஓரம் மட்டும் வந்து நடுவில் ஓட்டை விழும். அப்புறம் மெழுகை உருக்கி, முதலிலிருந்து. நோயாளிக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். கொழுப்பு என்றால் இன்னும் மோசம்.

மருந்து சுலபம். புது ரெசிடென்ட்டை முதல் மாதத்திலேயே ஒரு வாரம் உங்கள் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் அப்படி உட்கார்ந்தேன், சீவல்கள் நாடா மாதிரி ஒட்டி வர வேண்டும், அப்படி ஒரு முழு ரிப்பன்கூட ஒழுங்காக வெட்ட வரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற மெழுகுச் சீவலை ஸ்லைடில் ஏந்தப் போனால் அது மடிந்து ஒட்டிக்கொண்டது. சொல்லிக்கொடுத்த அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கசெட்டைத் திணித்ததே இல்லை. ரெசிடென்ட் நல்லவரா என்று தெரிய வேண்டுமானால் சீனியரைக் கேட்க வேண்டியதில்லை, உங்களைக் கேட்டாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று மட்டும் ரெசிடென்ட் பக்கம் நின்று சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களாவது தேடி எடுக்க வேண்டும். மஞ்சள் கொழுப்புக்குள் துவரம்பருப்பு அளவில் ஒளிந்திருப்பதை விரலால் நசுக்கி நசுக்கித்தான் கண்டுபிடிக்க முடியும். ஒன்பதில் நின்று போய், மணி ஏழாகிவிட்டால், கொழுப்போடு சேர்த்து அள்ளிப் போடத்தான் தோன்றும். மன்னித்துவிடுங்கள், ஒரு தடவை.

கேள்வி: மகள் டாக்டருக்குப் படித்துவிட்டுப் பேத்தாலஜிதான் எடுப்பேன் என்கிறாள். தேக்காவில் பார்த்த உறவுக்காரர் 'பிணம் அறுக்கிற வேலையா?' என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு தாய், உட்லண்ட்ஸ்)

அம்மா, அவர் பார்த்த டிவி தொடர்கள் அப்படி. இங்கே சிங்கப்பூரில் மரண விசாரணை அதிகாரி உத்தரவிடும் பிரேதப் பரிசோதனையைச் செய்வது சுகாதார அறிவியல் ஆணையத்தின் தடயவியல் மருத்துவர்கள். மருத்துவமனைப் பேத்தாலஜி டாக்டரின் மேசைக்கு நாள்தோறும் வருவது உயிரோடு இருப்பவர்களின் சதைத்துண்டு. உங்கள் உறவுக்காரருக்கு மச்சம் எடுத்தால், குடலில் சின்னக் கட்டி எடுத்தால், அது என்ன என்று சொல்லப்போவது உங்கள் மகள் மாதிரி ஒருவர். அடுத்த தடவை தேக்காவில் பார்த்தால் சொல்லுங்கள்.

சில நாள் அறுவை அறையிலேயே நோயாளியைத் திறந்து வைத்துக்கொண்டு சர்ஜன் காத்திருப்பார். சதையைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறையவைத்து, சீவி, சாயம் ஏற்றி, சுமார் 20 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். பயந்த சுபாவத்துக்கு ஏற்ற வேலை இல்லை. அவளை விடுங்கள், நன்றாக வருவாள்.

கேள்வி: ரெசிடென்சியில் இரண்டாம் வருடம். பல தலை மைக்ரோஸ்கோப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கன்சல்டன்ட் 'இது என்ன?' என்று என்னைக் கேட்கிறார். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தெரிந்த மாதிரி எதையாவது சொல்லி மாட்டிக்கொள்கிறேன். (பெயர் வேண்டாம்)

தெரியவில்லை என்று சொல்வதில் தப்பே இல்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் தப்பு. என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் என்ன பார்க்கிறீர்கள் என்பது தெரியுமே. மிகச் சின்ன லென்ஸில் தொடங்குங்கள், இது எந்த உறுப்பு, வடிவம் குலைந்திருக்கிறதா, எங்கே குலைந்திருக்கிறது. புதியவர்கள் நேரே 40 லென்ஸுக்குத் தாவி ஒரு விகாரமான செல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். மரத்தடியில் நின்று ஓர் இலையைக் காட்டி இது என்ன காடு என்று கேட்டால் எப்படி?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் 'இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்' என்று ஏழு பெயர் சொல்கிறவரும் எனக்கு அலுப்புத் தருகிறார். அது அடக்கம் இல்லை, தப்பித்தல். கன்சல்டன்ட் பார்ப்பதற்கு முன்னாலேயே உங்கள் முடிவை ஒன்றே ஒன்றாக எழுதிவிடுங்கள், பென்சிலில். அவர் வேறு சொன்னால் அழிக்காதீர்கள், பக்கத்தில் அதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் நீங்கள் எந்த இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்குகிறீர்கள் என்று தெரியும். எஃப்ஆர்சிபேத் என்கிற பேத்தாலஜித் தேர்வுக்கு அதைவிட நல்ல நோட்ஸ் கடையில் கிடையாது.

செங்காங் டாக்டரிடம் வார்டு அனுபவத்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தேனே. ஒரு ரெசிடென்ட், வந்து நான்கு மாதம்தான். இளம்பெண், காய்ச்சல், கழுத்தில் நெறி. நிணநீர்க் கணுவில் செத்துப்போன திட்டுகள், நொறுங்கிய உட்கருத் துகள்கள், சுற்றிலும் பிறை வடிவ உட்கருவோடு செல்கள், ஆனால் சீழ்ச்செல் ஒன்றுகூட இல்லை. கிக்குச்சி நோய், 1972-இல் ஜப்பானில் கிக்குச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியாக எழுதியது. தானாக ஆறிவிடும், ஆனால் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று தவறாக முத்திரை குத்திவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கீமோ. கன்சல்டன்ட் கிக்குச்சி என்று சொல்லிக் கையெழுத்துப் போடப் போகும்போது இந்த ரெசிடென்ட் மெதுவாக, "ஏஎன்ஏ பார்த்தார்களா? லூபஸும் இப்படியே இருக்குமே" என்றார். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிற நோய், ஏஎன்ஏ அதைத் தேடுகிற ரத்தச் சோதனை. வார்டுக்குப் போன் போட்டதும் அவர்தான். முடிவு வரும்வரை அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தோம். ஸ்லைடுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று நினைவிருந்ததால் வந்த கேள்வி அது, மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததல்ல.

கேள்வி: எனக்கு வயது 68. குடலில் எடுத்த சின்னக் கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். படிக்கிற டாக்டர்தான் பார்ப்பாராமே, உண்மையா? ஒரு வாரம் ஏன் ஆகிறது? (ஒரு வாசகர், தோ பாயோ)

ஐயா, படிக்கிற டாக்டர் பார்ப்பார்தான், ஆனால் அவர் முதலில் பார்த்து எழுதியதைக் கன்சல்டன்ட் அதே ஸ்லைடில் மறுபடி பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு வகையில் உங்களுக்கு லாபம், ஒன்றுக்கு இரண்டு ஜோடிக் கண்.

நேரம் ஆவதற்குக் காரணம் மேலே ஜூரோங் வாசகிக்கு எழுதியதில் பாதி இருக்கிறது. ஃபார்மலினில் ஊற வேண்டும், மெஷினில் ஓர் இரவு, வெட்டுவது, சாயம் ஏற்றுவது. ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் தெரிகிற அந்தச் சாயத்தில் ஊதா, மெக்சிகோப் பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருவது. இத்தனை மெஷின் வந்தும் அதை இன்னும் யாரும் விரட்டவில்லை. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் கூடுதல் சாயம் கேட்போம், இன்னும் இரண்டு மூன்று நாள். தாமதமானால் கெட்ட செய்தி என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஒரு பொது விடுமுறை நடுவில் வந்திருந்தாலே போதும். பத்து நாள் தாண்டினால் கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள், கேட்கும்போது ஐசி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.