எட்டுப் பேரோடு சேர்ந்து பியானோ கற்கலாமா?

கேள்வி: நான் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 19. பள்ளி நாட்களில் கொஞ்சம் வாய்ப்பாட்டு கற்றதோடு சரி. எங்கள் கல்லூரியில் வாரம் ஒரு மணி நேரம், எட்டுப் பேருக்குச் சேர்த்துப் பியானோ வகுப்பு தொடங்குகிறார்கள். தனி வகுப்புக்கு வசதி இல்லை, ஹாஸ்டல் வாசம். குழு வகுப்பில் உருப்படியாக ஏதாவது கற்க முடியுமா? கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். 19 வயது தாமதமே இல்லை. விரல் பழகக் குழந்தையை விடக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கலாம். ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்று புரிந்து செய்யும் வயது இது, அந்தப் பலன் பெரியது.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: எட்டுப் பேருக்கு எத்தனை கருவி? ஒரே பியானோ என்றால் ஒரு மணி நேரத்தில் உங்கள் பங்கு ஏழரை நிமிடம்தான், மீதி நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆளுக்கொரு டிஜிட்டல் பியானோவும் ஹெட்போனும் இருந்தால் முழு நேரமும் உங்கள் கை கட்டைகளில் இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வாய்ப்பாட்டையோ வயலினையோ முதன்மைப் பாடமாக எடுத்த மாணவர்கள் இப்படித்தான் பியானோ கற்கிறார்கள். குழு வகுப்பு என்பதே புதிய ஏற்பாடும் இல்லை. 1810களிலேயே டப்ளினில் யோகான் பெர்ன்ஹார்ட் லோஜியர் என்ற ஆசிரியர் ஒரே அறையில் பல பியானோக்களைப் போட்டு, மாணவர்களைச் சேர்ந்து வாசிக்க வைத்துக் கற்பித்தார்.

குழுவில் கிடைக்கும் பெரிய லாபம் தாளம். தனியாக வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் தப்பினால் நிறுத்தி, திருத்தி, மறுபடி தொடங்குவோம். அதுவே பழக்கமாகிவிடும். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அது நடக்காது. தப்பினாலும் விட்டுவிட்டு அடுத்த அடியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் தனி வகுப்பில் சுலபமாக வராது, குழு வகுப்பை நான் மனதார ஆதரிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

கிடைக்காதது, உங்கள் கையைப் பார்க்க ஒரு ஆள். ஹெட்போனில் ஆசிரியருக்குச் சத்தம் கேட்கும், தூக்கிக்கொண்டிருக்கும் தோள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் நீங்களாகவே கேளுங்கள்: “சார், ரெண்டு நிமிஷம் என் கையை மட்டும் பாருங்க.” கூச்சப்பட்டால் தப்பான பழக்கம் மாதக்கணக்கில் கூடவே வரும்.

எதைக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறேன். கர்நாடக சங்கீதத்தில் சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரத்தானங்கள்தான் பியானோவின் மேஜர் ஸ்கேல். சி கட்டையை ‘ச’வாக வைத்துத் தொடங்கும் சி மேஜரில் அவை எல்லாமே வெள்ளைக் கட்டைகள். வலது கையில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ச ரி க மூன்றுக்கும் 1, 2, 3. அடுத்து ‘ம’வுக்கு நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து, மறுபடி 1, 2, 3, 4, மேல் ‘ச’வுக்கு 5. அந்த நுழைப்பில்தான் சிக்கல். முழங்கை வெளியே தூக்கும், கட்டைவிரல் ‘தொம்’மென்று விழுந்து ‘ம’ மட்டும் தனியே உரக்கக் கேட்கும். க ம க ம என்று 3, 1, 3, 1 விரல்களில் மெதுவாக வாசித்து, இரண்டும் ஒரே அளவில் கேட்கும்வரை பழகுங்கள். இடது கையில் ஏறும்போது 5, 4, 3, 2, 1 என்று ‘ப’ வரை வந்து, ‘த’வுக்கு நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி மேலே வரும். இரண்டு கையும் வெவ்வேறு இடத்தில் தாண்டுவதால்தான் சேர்த்து வாசிக்கும்போது தடுமாறுகிறது. அதனால் முதலில் தனித்தனியாகவே பழகுங்கள், அவசரமே வேண்டாம்.

வாய்ப்பாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். ஐந்து கட்டை சுருதியில் பாடினால் உங்கள் ‘ச’ ஜி கட்டையில் இருக்கும். ஐந்து கோடுகளில் ஸ்வரங்களை எழுதும் மேற்கத்திய நோட்டேஷனில் அப்படி நகராது, ஒரு கோட்டில் எழுதிய ஜி எப்போதும் அதே ஜிதான். மனதுக்குள் ஸ்வரம் பாடிக்கொள்ளுங்கள், ஆனால் படிக்கும்போது கோட்டைப் பார்த்துப் படியுங்கள்.

கீபோர்டு விஷயத்துக்கு வருவோம். வகுப்பு அறையைத் தினமும் அரை மணி நேரம் தருவார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். தராவிட்டால் வாங்கத்தான் வேண்டும், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் யாருக்கும் விரல் பழகாது. முதல் வருடப் பாடங்களுக்கு 61 கட்டைகள் போதும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லாததைத் தொடாதீர்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால், பியானோவைப் போலவே கட்டைகள் கனமாக இருக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோ நல்லது.

வாங்கியதைப் படிக்கும் மேஜையில் வைத்துவிடாதீர்கள். மேஜையே சுமார் 75 செ.மீ. உயரம், அதற்கு மேல் கீபோர்டும் ஏறினால் கட்டைகள் பியானோவில் இருப்பதை விட மேலே போய்விடும். மணிக்கட்டு மடங்கி வலிக்கும். தாழ்வான ஸ்டாண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் நாற்காலியில் ஏதாவது போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முன்கை தரைக்கு இணையாக இருந்தால் சரி. ஹெட்போன் போட்டாலும் கட்டை தட்டும் ஓசை பக்கத்து அறைக்குக் கேட்கும். அடியில் தடிமனான துண்டோ யோகா பாயோ விரியுங்கள்.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகள் நடத்தும் கிரேடு இசைத் தேர்வுகளை முதல் வருடத்தில் நினைக்கவே வேண்டாம். குழுவில் ஒருவர் எழுதுகிறார் என்பதற்காக நீங்களும் மூன்று பாட்டுகளையே ஆறு மாதம் அரைத்தால், நோட்டேஷன் பார்த்து வாசிக்கும் திறமை அங்கேயே நின்றுவிடும்.

செமஸ்டர் தேர்வு வாரங்களில்தான் பெரும்பாலோர் வகுப்பை விடுகிறார்கள். இரண்டு வாரம் போகவில்லை, மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள், முகம் காட்ட வெட்கம், அப்புறம் நின்றேவிடுகிறார்கள். அந்த வாரங்களில் தினம் பத்து நிமிடம், பழைய பாடத்தை மட்டும் வாசியுங்கள். தேர்வுத் தேதிகளை இப்போதே ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எட்டுப் பேருமே மாணவர்கள் என்பதால், அந்த வாரங்களில் புதுப் பாடம் எடுக்காமல் இருக்க அவரே ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.