கோலூன்றித் தாண்டல்: கோல் வளையாமல் பின்னால் தள்ளுவது பற்றி

உங்கள் பையன் தாண்டும்போது கோல் வளையாமல் அவனைப் பின்னால் தள்ளுகிறது, கோலை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றும் முன் அவன் பிடியை 15 செ.மீ. கீழே இறக்கிப் பாருங்கள். 60 கிலோ பையனுக்கு, 70 கிலோ எடையுள்ளவருக்கென்று குறித்த கோல் கொஞ்சம் விறைப்புதான். ஆனால் ஓடுபாதைப் பக்கமே திரும்பி விழுகிறான் என்றால், பெரும்பாலும் பிடி அவன் வேகத்துக்கு மீறிய உயரத்தில் இருக்கும். நொடிக்கு 8 மீட்டர் ஓட்டம், கணக்குப்படி உடலைச் சுமார் மூன்றேகால் மீட்டர்தான் தூக்கும். தாண்டும் உயரத்தில் மீதி, நிற்கும்போதே உள்ள இடுப்பு உயரமும் கடைசியில் கோலைக் கையால் தள்ளுவதும். கோல் விற்கும் கடைக்காரர் என்ன சொன்னாலும், கோல் ஓட்டத்திலிருந்து வாங்கிய ஆற்றலைத்தான் திருப்பித் தரும்.

பக்கவாட்டில் நின்று செல்போனில் எடுங்கள். கால் தரையை விடும்போது பாதம், கோலை மேலே பிடித்திருக்கும் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். முன்னால் போயிருந்தால் ஓட்டம் தொடங்கும் குறியைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

சேலத்தில் யாராவது கோல் இரவல் தந்தால், அதில் எழுதியுள்ள எடை 60க்குக் கீழே இருந்தால் வேண்டவே வேண்டாம், முறியலாம். அப்புறம், ஏற்காடு மலையில் ஓடவிடுவது காலுக்கு நல்லதுதான், இதற்கு மருந்தல்ல.