பாலத்தில் ஊர்ந்த வண்டியும் கருகிய பிரேக்கும்: கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து: அண்ணே, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பாம்பன் பாலத்தை ஊர்ந்து கடந்தேன். இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் கருகல் வாடை. அடிக்கடி பிரேக் பிடித்ததாலா?

இல்லை தம்பி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு தடவை நிறுத்தினால் எழும் சூடு, 10 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 64 தடவை நிறுத்துவதற்குச் சமம். ஊர்ந்த வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கருகினால், பிடித்த பிரேக் விடவில்லை என்று பொருள்.

நம் கரையில் என் முதல் சந்தேகம் காலிப்பர் ஸ்லைடு பின்தான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் பேட் கட்டைகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர்; அது நகர்ந்து கொடுக்கும் கம்பி ஸ்லைடு பின். அதன் ரப்பர் உறை நூலளவு கிழிந்தாலும் உப்புக்காற்று உள்ளே போய்த் துரு பிடித்துவிடும். போன மாதம் கீழக்கரை வண்டி ஒன்றைப் பிரித்தேன். உள்பக்கப் பேட் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. பின்னை அசைக்கவே அரை மணி நேரம் ஆனது. லேசான துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். பள்ளம் விழுந்த பின்னை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்லைடு பின் நன்றாக ஓடியும் சக்கரம் இறுகியே இருந்தால், பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைத் தளர்த்திப் பாருங்கள். உடனே சுற்றினால் கோளாறு ஆயில் வரும் ஹோஸிலோ, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ. அப்போதும் சுற்றாவிட்டால் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கியிருக்கும்.

உச்சிப்புளியிலிருந்து: ஆட்டோமேட்டிக் வண்டி. நெரிசலில் பிரேக்கில் கால் வைத்தபடியே நகர்கிறேன். சரியா?

வேண்டாம். முன்னால் இடம் விட்டு நகருங்கள், அழுத்தி நிறுத்துங்கள். யாராவது குறுக்கே நுழைந்தால் நுழையட்டும்.

தொண்டியிலிருந்து: பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஆறியதும் சரியாகிவிட்டது. ஓட்டலாமா?

தயவுசெய்து ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கலாம். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரத்தை உறிஞ்சியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கடலோரத்தில் 2 வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்காதீர்கள். எப்போதோ திறந்த டப்பாவில் மிஞ்சியதையும் ஊற்ற விடாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: புகை வந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது, டிஸ்க் கோணிவிடும், வெடிப்பும் விடலாம். ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆறவிடுங்கள். நெருப்பு தெரிந்தால் எல்லாரும் இறங்கி விலகிவிட வேண்டும், அது வேறு விஷயம். தனுஷ்கோடி போய்வந்த அன்று மட்டும், சக்கரம் நன்றாக ஆறியபின், உட்பக்கம் வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.