என்னிடம் சொல்லாததை ஊருக்கே ஏன் சொன்னாள்?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. பத்து வருஷத்துக்கு முன் தனக்கு நடந்த பாலியல் வன்முறையைப் பற்றிப் போன மாதம் ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறாள். செய்தவன் பெயரைச் சொல்லவில்லை. நடந்தது நாலு வரிதான். அன்றிலிருந்து ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது என்று மீதியெல்லாம் எழுதியிருக்கிறாள். ஒரே அறையில் படுத்தவள் நான். அந்தத் தாழ்ப்பாளுக்காக அவளைக் கேலி செய்திருக்கிறேன். என்னிடம் வாய் திறக்காதவள், முன்பின் தெரியாதவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? அனுதாபம் தேடுகிறாளா? பதிவை எடுக்கச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: எடுக்கச் சொல்லாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருங்கியவரிடம் சொல்லும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. அது வெளிறிப் போகும், அழும், ‘அந்த நேரத்துல அங்க ஏன் போனே?’ என்று கேட்டாலும் கேட்டுவிடும். சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அக்காவைத் தேற்ற வேண்டிவரும். விடிந்தால் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஃபோன் திரையில் அந்தத் தொல்லை இல்லை.

‘மீ டூ’ என்ற சொல் பிறந்த கதையே இதுதான். டரானா பர்க் என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளரிடம் ஒரு சிறுமி தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னாள். தானும் பாதிக்கப்பட்டவராக இருந்தும், பர்க்கால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். ‘எனக்கும்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்ற உறுத்தல் போகவில்லை. 2006-ல் அந்த வார்த்தையையே இயக்கமாக்கினார். 2017 அக்டோபரில் அது சமூக வலைத்தளங்களில் பரவியபோது, ஃபேஸ்புக்கில் மட்டும் 24 மணி நேரத்தில் 47 லட்சம் பேர் அதைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் தங்கையின் பதிவுக்குக் கீழேயும் யாராவது ‘எனக்கும்’ என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். நீங்கள் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், அந்த ஒரு சொல்லை உங்களால் அவளுக்குத் தர முடியாது.

இன்னொன்று. விசாரணை என்று போனால் கேட்பவரின் வரிசையில்தான் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை மணி, என்ன உடை, ஏன் கத்தவில்லை. பேரச்சத்தில் உடம்பு உறைந்து குரலே எழாமல் போவதுண்டு. நினைவும் பலருக்குத் துண்டுதுண்டாகத்தான் தங்கும். ஒரு வாசனை இருக்கும், ஒரு கதவுச் சத்தம் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அதை மணிவாரியாக அடுக்கச் சொன்னால் உண்மையே பொய் மாதிரி ஒலிக்கும். தானாக எழுதும்போது எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது என்பதை அவளே முடிவு செய்கிறாள். நடந்ததற்கு நாலு வரி, தாழ்ப்பாளுக்கு மீதி எல்லாம் என்று அவள் பிரித்திருப்பதும் அப்படித்தான். அவள் விருப்பத்தை யாரும் கேட்காத விஷயம் அது. அதைச் சொல்லும் விதமாவது அவள் விருப்பப்படி இருக்கட்டுமே.

அனுதாபமா? தேடினால்தான் என்ன தப்பு?

நீங்களும் தங்கையிடம் கேட்கவில்லை. பெயரை மறைத்து, முகம் தெரியாத எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பொதுவெளியில் எழுதுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஸ்க்ரீன்ஷாட் ஊர் சுற்றும், வக்கிரமான கமெண்ட் வரும், சில நாள் தூக்கம் கெடும். “கமெண்ட்டையெல்லாம் நான் பார்த்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் செய்யுங்கள். மிரட்டல் ஏதாவது இருந்தால் நீக்குமுன் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுப்பதா, கவுன்சலரைப் பார்ப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். கூட வரச் சொன்னால் போங்கள்.

‘ஏன் என்கிட்ட சொல்லலே?’ என்பதை மட்டும் இப்போது கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, தாழ்ப்பாளுக்காகக் கேலி செய்தேனே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவள் ஒன்றும் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.