அமெரிக்க விவாகரத்துத் தீர்ப்பின் நகலை வாங்குவது எப்படி?

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் குடியிருந்தபோது 2010-ல் எனக்கு விவாகரத்து ஆனது. இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மறுமணம் செய்துகொண்டு, மனைவியின் குடிவரவுக்காக ஐ-130 என்ற மனு போடப் போகிறேன். வீடு மாறியதில் பழைய காகிதங்கள் தொலைந்துவிட்டன. டெக்ஸாஸ் மாநில சுகாதாரத் துறைக்கு 20 டாலர் கட்டி எழுதினேன். ஒரு பக்கக் கடிதம் வந்தது. அது போதாது, கோர்ட்டின் முழுத் தீர்ப்பும் (டிக்ரி) வேண்டும் என்கிறார் வக்கீல். வழக்கு எண்ணும் நினைவில் இல்லை. எங்கே கேட்பது?

பதில்: வக்கீல் சொல்வது சரி. ஆனாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), எந்தத் தேதி என்ற இரண்டு விவரமும் அதில் இருக்கும். உங்கள் தேடலில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் விவாகரத்து கொடுப்பவை மாநில நீதிமன்றங்கள். வழக்குக் கட்டு, வழக்குப் போட்ட கவுண்டியின் கோர்ட் கிளார்க்கிடம்தான், அதாவது கோர்ட் ஆவணங்களை வைத்திருக்கும் அதிகாரியிடம்தான் இருக்கும். மத்திய அரசிடம் இதற்கென்று ஒரு பொதுப் பதிவேடு கிடையாது. கோர்ட் ஆவணங்களை இணையத்தில் தரும் ‘பேசர்’ தளத்தில் கிடைப்பவை ஃபெடரல், அதாவது மத்திய அரசின் கோர்ட் வழக்குகள் மட்டும். அங்கே தேடினால் நேரம்தான் வீண். மாநில அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போவது வழக்கின் சுருக்கக் குறிப்பு. அதை வைத்து அவர்கள் கொடுப்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்ஸாஸ் 1968 முதலான விவாகரத்துகளை உறுதிசெய்யும் கடிதம் மட்டும் தரும். நியூயார்க்கில் 1963 முதல் சான்றிதழ் உண்டு, ஃபுளோரிடாவில் 1927 ஜூன் முதல். கலிஃபோர்னியா மாநில அலுவலகத்தில் 1962 முதல் 1984 ஜூன் வரைக்கான பதிவுகள்தான் இருக்கின்றன. பென்சில்வேனியாவின் மாநில அலுவலகத்தில் எதுவுமே இல்லை.

ஆகவே என்ன காகிதம் வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விவாகரத்துச் சான்றிதழில் பெயர், தேதி, இடம் மட்டுமே இருக்கும். டிக்ரி என்பது நீதிபதி கையெழுத்திட்ட இறுதித் தீர்ப்பு; சொத்து, குழந்தைகள், பெயர் மாற்றம் எல்லாம் அதில்தான். மூன்றாவது, மனுவிலிருந்து கடைசி உத்தரவு வரை உள்ள முழு வழக்குக் கட்டு. குடிவரவு மனுவுக்கும் பழைய பெயருக்குத் திரும்புவதற்கும் மறுமணத்துக்கும் கேட்பது பெரும்பாலும் டிக்ரியைத்தான். முழுக் கட்டை வாங்கினால் பணம்தான் கரையும்.

இனி கவுண்டி. கல்யாணம் நடந்த ஊரை வைத்துத் தேடுவது பலர் செய்யும் தவறு. விவாகரத்து பதிவாகி இருப்பது வழக்குப் போட்ட இடத்தில். டெக்ஸாஸில் வழக்குப் போட, தம்பதியில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இது 6 மாதமும் 3 மாதமும். எனவே வழக்குப் போட்ட சமயத்தில் இருவரும் எந்த முகவரியில் இருந்தீர்கள் என்று பாருங்கள். தபால் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை மட்டும் நம்ப முடியாது. நீங்கள் இருந்த கேட்டியே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவும் காலின், டென்டன் என்று இரண்டில் பிரிகிறது. நியூயார்க் நகரத்திலோ புரூக்ளினில் இருந்தவர் கிங்ஸ் கவுண்டியில் தேட வேண்டும், ஸ்டேட்டன் ஐலண்டில் இருந்தவர் ரிச்மண்ட் கவுண்டியில்.

கவுண்டி தெரிந்தபிறகும் தவறான மேசைக்குக் கடிதம் போய்விடலாம். டெக்ஸாஸில் ‘கவுண்டி கிளார்க்’ வேறு, ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ வேறு. திருமண உரிமமும் நிலப் பத்திரமும் முதலாமவரிடம், விவாகரத்து இரண்டாமவரிடம். நீங்கள் எழுத வேண்டியது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்குக்கு. நியூயார்க்கில் இதே காகிதம் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும், ஃபுளோரிடாவில் சர்க்யூட் கோர்ட் கிளார்க்கிடம், கலிஃபோர்னியாவில் அந்தந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில், பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் ‘புரோத்தோனட்டரி’ என்ற அதிகாரியிடம்.

வழக்கு எண் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பெரிய கவுண்டிகள் பலவற்றின் கிளார்க் தளத்தில் பெயரைக் கொண்டே தேடலாம். ஹாரிஸ் கவுண்டியில் எண் வருடத்தோடு தொடங்கும்: 2010, ஒரு சிறுகோடு, பிறகு ஐந்து இலக்கம். அந்த வருடம் வழக்குப் போட்ட வருடம், தீர்ப்பு வந்த வருடமல்ல. டெக்ஸாஸில் மனுப் போட்டு 60 நாளாவது காத்திருந்தாக வேண்டும். சண்டை நீண்டால் வருடக்கணக்கிலும் போகும். அதனால் 2010-க்கு முன் இரண்டு வருடத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

நம் பெயர்கள் இந்தத் தேடலில் படுத்தும் பாடு தனி. இனிஷியல் மட்டும் உள்ளவர்களுக்குச் சில ஆவணங்களில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், சிலவற்றில் முதல் பெயராக. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் ‘எஃப்என்யு’ என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வக்கீல் அதை அப்படியே மனுவில் எழுதியிருந்தால், கோர்ட் பதிவேட்டிலும் அதுவே முதல் பெயர். பெயரை முன்பின் மாற்றிப் போட்டும், இந்த மூன்று எழுத்தைச் சேர்த்தும், எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடிப் பாருங்கள். அப்படியும் அகப்படவில்லையென்றால் கிளார்க்கையே தேடித்தரச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். கலிஃபோர்னியாவில் தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர்.

விண்ணப்பத்தில் ‘டைவர்ஸ் பேப்பர்ஸ்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘சர்ட்டிஃபைட் காப்பி ஆஃப் தி ஃபைனல் டிக்ரி ஆஃப் டைவர்ஸ், ஆல் பேஜஸ்’ என்று இதே சொற்களில் கேளுங்கள். வழக்கில் இருந்தபடியே இருவர் பெயரும், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, எத்தனை நகல், உங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்து ஆகியவை அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். தபாலில் கேட்டால் உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய பெரிய உறை ஒன்றை உள்ளே வையுங்கள். குழந்தைகள் உள்ள வழக்கில் டெக்ஸாஸ் டிக்ரி 40, 50 பக்கம் போவது சாதாரணம். சின்ன உறைக்குள் அது அடங்காது.

பணம் அனுப்புவதற்குமுன் ஒரு போன் போட்டுப் பக்க எண்ணிக்கையைக் கேட்டுவிடுங்கள். டெக்ஸாஸில் பக்கத்துக்கு 1 டாலர். சான்றுக்கென ஒரு சிறு தொகை சேரலாம். ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலரும் சான்றுக்கு 2 டாலரும். கலிஃபோர்னியாவில் நகல் பக்கத்துக்கு 50 சென்ட், விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்று 15 டாலர். தனிநபர் செக்கை ஏற்காத அலுவலகங்கள் நிறைய. மனி ஆர்டர்தான் பாதுகாப்பு. தொகை குறைந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும், மறுபடி வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். கூகுளில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் தனியார் தளங்கள் பலவும் பணத்தை வாங்கிக்கொண்டு பெயர்ப் பட்டியலைக் காட்டுவதோடு சரி. சான்றிட்ட நகல் தரும் அதிகாரம் கிளார்க்குக்குத்தான்.

நகல் கைக்கு வந்ததும் நிதானமாகப் பாருங்கள். நீதிபதியின் கையெழுத்து இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் கிளார்க்கின் முத்திரையும் தேதியும் உண்டா? பக்க எண்கள் விடுபடாமல் வருகின்றனவா? டெக்ஸாஸ் டிக்ரியின் முடிவில் சில சமயம் இரண்டு தேதிகள் இருக்கும்: கோர்ட்டில் விவாகரத்தை அறிவித்த நாள், நீதிபதி கையெழுத்திட்ட நாள். கலிஃபோர்னியாவின் விவாகரத்துத் தீர்ப்புப் படிவமான எஃப்எல்-180-லும், தீர்ப்புப் பதிவான தேதியும் மணவாழ்வு சட்டப்படி முடியும் தேதியும் வேறாக இருக்கலாம். மறுமணத் தேதி இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்திருந்தால் மனுவே சிக்கலாகும். படிவத்தை நிரப்புமுன் வக்கீலிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள். ஐ-130 மனுவோடு தெளிவான போட்டோகாப்பியே போதும். சான்றிட்ட நகலைத் தூதரக நேர்காணலுக்காகப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் எடுக்கிறேன் என்று அதன் ஸ்டேபிளைக் கழற்றவே வேண்டாம். பக்கம் மாறியிருக்கலாம் என்று சொல்லி அந்தச் சான்றையே நிராகரிக்க இடமுண்டு.

டெக்ஸாஸில் டிக்ரி பெரும்பாலும் பொது ஆவணம்; யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நியூயார்க் இதற்கு நேர் எதிர். அங்கே விவாகரத்துக் கட்டு 100 வருடம் பூட்டப்பட்டிருக்கும். வழக்கின் இரு தரப்பினர், அவர்களுடைய வக்கீல்கள், கோர்ட் உத்தரவு பெற்றவர் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள். நண்பரை அனுப்பி வாங்குவதானால், என்ன அத்தாட்சி வேண்டும் என்று முன்கூட்டியே அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இதே டிக்ரியை இந்தியாவில் காட்ட நேர்ந்தால் அபோஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று தேவைப்படும். தீர்ப்பு கொடுத்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம்தான் அதைத் தரும். நியூ ஜெர்சியில் குடியிருந்தாலும் நீங்கள் அனுப்ப வேண்டியது டெக்ஸாஸுக்கு. அங்கே ஓர் ஆவணத்துக்கு 15 டாலர், எந்த நாட்டுக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். இதற்கு மின்னஞ்சலில் வரும் நகல் உதவாமல் போகலாம். கிளார்க்கின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகித நகலைக் கேளுங்கள். இப்போதே இரண்டு சான்றிட்ட நகலாக வாங்கினால், ஒன்று நேர்காணலுக்கு, மற்றொன்று அபோஸ்டிலுக்கு.