மேட்டூர் திறந்த அன்றே விதை விட மாட்டோம்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். ஒரகடத்தில் ஒரு ஆலையில் 9 வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்த என் கணவருக்கு (வயது 41) நான்கு மாதமாக வேலை இல்லை. ஊருக்கே வந்துவிட்டோம். கையில் செட்டில்மென்ட் பணம் 4,20,000 ரூபாய். வீட்டுச் செலவு, பைக் தவணை, 5,000 ரூபாய் சீட்டு எல்லாம் சேர்த்து மாதம் 32,000 ஆகிறது. "நாடு இவ்வளவு வேகமா வளருது, உனக்கா வேலை கிடைக்காது?" என்கிறார் மாமனார், தினமும் செய்தி பார்த்துவிட்டு. அந்தத் தெம்பில் 3 லட்சத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடலாம் என்கிறார் கணவர். போடலாமா? பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடலாமா? வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமியார் "லீவுல வந்திருக்கான்" என்கிறார். ஏழாவது படிக்கும் மகள், பள்ளிச் சுற்றுலா நோட்டீஸை மடித்துப் பையிலேயே வைத்திருந்தாள். பணம் கேட்கவே இல்லை.

பதில்: உங்கள் மாமனாரின் நம்பிக்கை தப்பில்லை, எனக்கும் அது உண்டு. ஆனால் ஜூன் 12 மேட்டூரைத் திறந்தார்கள் என்று டிவியில் சொன்ன அன்றே அவர் நாற்றங்காலில் விதை விடுவாரா? கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். வேலையும் அப்படித்தான். செய்தியில் சொல்லும் வளர்ச்சி ஜிடிபியின் வளர்ச்சி. ஜிடிபி என்பது நாட்டில் எவ்வளவு உற்பத்தி நடந்தது என்ற கணக்கு. ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டிய ஆலையின் உற்பத்தியும் அதில் சேரும்.

அதனால் 3 லட்சத்தை ஃபண்டில் போட வேண்டாம். இன்று உங்களிடம் இருப்பது 13 மாதச் செலவுக்கான பணம். போட்டுவிட்டால் மிச்சம் 1,20,000, நான்கு மாதத்துக்குக்கூட வராது. நாடு வளர்ந்தால் சந்தையும் ஏறாதா என்று கணவர் கேட்பார். பத்து வருடக் கணக்கில் சரி. ஆனால் 2020 ஜனவரியில் 42,000ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. பிற்பாடு ஏறத்தான் செய்தது. அந்த மாதம் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் வேண்டியிருந்தவர் கிடைத்த விலைக்கு விற்றார். இன்னொன்று: 13 மாதம் தாங்கும் என்று தெரிந்தவர் குறைந்த சம்பளத்துக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்பார். நான்கு மாதம்தான் என்றால் முதலில் வந்ததற்கே தலையாட்டிவிடுவார்.

மூன்று மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மிச்சத்தை ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகத் தனித்தனி வைப்புநிதியாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கட்டிக்கொண்டே வாருங்கள். இப்போது கழிவு விட்டு ஏலம் கேட்க வேண்டாம்.

பி.எஃப். விஷயத்தில் அவசரமே வேண்டாம். எடுக்காவிட்டாலும் வட்டி ஏறும், 2024-25க்கு 8.25 சதவீதம். அதைவிட முக்கியம் அதோடு சேர்ந்த ஓய்வூதியக் கணக்கு. 10 வருடம் பணி நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. அவருக்கு 9 முடிந்திருக்கிறது. அந்த ஓய்வூதியக் கணக்குப் பணத்தை எடுத்தால் 9 வருடமும் கணக்கிலிருந்து போய்விடும். விட்டுவைத்து, அடுத்த கம்பெனியில் அதே யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுத்தால் தொடரும்.

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்திருக்கும். குடும்பத்துக்கு ஒன்று இந்த வாரமே எடுங்கள். அப்புறம், மாமனார் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கலக்கக் கூடாது. கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை.

மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். லீவு என்று நினைப்பவர் யாரும் திருச்சியிலோ ஓசூரிலோ ஆள் எடுக்கும் செய்தியை உங்கள் வீட்டில் வந்து சொல்ல மாட்டார். எனக்குத் தெரிந்து இந்த வயதில் பலருக்கு வேலை தெரிந்தவர் மூலம்தான் வந்திருக்கிறது.

மகளிடம் மறைக்காதீர்கள். "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, தேடிட்டு இருக்கார், ஒரு வருஷத்துக்கு நம்மகிட்ட பணம் இருக்கு" என்று கணவரே சொல்லட்டும். சொல்லிவிட்டு அந்த நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, சுற்றுலாப் பணத்தையும் அவர் கையாலேயே கொடுக்கட்டும்.