போஸ்ட்-ராக்கில் அடுத்து எதைக் கேட்பது? கேள்வி பதில்

போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்துக்கொண்டு ராக் அல்லாத வேலை செய்யும் இசை), பரிசோதனை கிட்டார் இசை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். "சிறந்த 10 ஆல்பம் சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் நீட்டுகிற பட்டியலால் பயனில்லை என்பது என் கட்சி.

கேள்வி: இந்த வகை இசையை நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், போதும்.

எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை குழுவின் 'தி எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் ப்ளேஸ்' (2003). டெக்சாஸ்காரர்கள். ஐந்தே டிராக், மொத்தம் முக்கால் மணி நேரம், பாடல் வரிகள் கிடையாது. கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்கும் என்பதால் புதியவருக்கு எளிது. ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்று தோன்றினால் கிளாஸ்கோவின் மொக்வாய், 'யங் டீம்' (1997). அதில் 'லைக் ஹெரட்' என்ற டிராக்கை ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: தொடக்கம் மெதுவாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். காது பத்திரம்.

கேள்வி: எல்லாக் குழுவும் ஒரே மாதிரிதான் எனக்குக் கேட்கிறது. மெதுவாகத் தொடங்கி, மெல்ல ஏறி, கடைசியில் ஒரே இரைச்சல். எனக்குத்தான் புரியவில்லையா?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த குழுக்களில் பெரும்பாலானவை அந்த ஒரு ஏற்றத்தையே தொழிலாக வைத்திருக்கின்றன. நன்றாகச் செய்தால் மயிர்க்கூச்செறியும். மற்ற நேரத்தில் முதல் நிமிடத்திலேயே எட்டாவது நிமிடம் தெரிந்துவிடும்.

ஆனால் இந்த இசை அப்படிப் பிறக்கவில்லை. 1994-இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் போஸ்ட்-ராக் என்ற பெயரைப் பரப்பியபோது அவர் முன்னால் இருந்தது பார்க் சைக்கோசிஸ் குழுவின் 'ஹெக்ஸ்' மாதிரியான ஆல்பங்கள். ராக் கருவிகளை வைத்துக்கொண்டு ராக் அல்லாத வேலை செய்வது, கிட்டாரை மெட்டுக்கு அல்லாமல் ஒலியின் நிறத்துக்கும் இழைக்கும் பயன்படுத்துவது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஏற்றம் இறக்கம் என்று அவர் எந்த விதியும் போடவில்லை.

அதற்கும் முன்னால் போங்கள். டாக் டாக் என்று ஒரு ஆங்கிலேயக் குழு, எண்பதுகளில் ஹிட் கொடுத்த சின்த்-பாப் (சின்தசைசரை வைத்துச் செய்யும் பாப்) குழு. அவர்கள் 1988-இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வெளியிட்டார்கள். இருட்டாக்கிய ஸ்டூடியோவில் பலரை மணிக்கணக்காக வாசிக்கவிட்டு, அதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்து, மிச்சத்தை வெட்டி ஒட்டிச் செய்தது. அடுத்தது 'லாஃபிங் ஸ்டாக்' (1991). இரண்டிலும் கிட்டார் வாசிக்காத இடங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அதே 1991-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் இருந்து ஸ்லின்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' வந்தது. ஆறு டிராக், பாட்டுக்குப் பதில் முணுமுணுப்பு, கோணலான தாளம்.

அப்புறம் சிகாகோவின் டார்டாய்ஸ். 'மில்லியன்ஸ் நவ் லிவிங் வில் நெவர் டை' (1996) ஆல்பத்தின் முதல் டிராக் 'ஜெட்' சுமார் 21 நிமிடம். பேஸ், மரிம்பா, வைப்ரஃபோன் எல்லாம் வரும். நடுவில் ஓரிடத்தில் பதிவே அறுந்துபோனது மாதிரி கேட்கும். உங்கள் கருவியில் கோளாறு இல்லை, அது அவர்கள் வேலை. இந்த நான்கில் ஒன்றைக்கூட அடுத்ததோடு குழப்பிக்கொள்ள முடியாது.

கேள்வி: செயலி பரிந்துரைப்பதையே கேட்டு வருகிறேன். அதே பத்துக் குழுக்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. புதிதாக எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களைப் போன்றவர்கள் கேட்டதைத்தான் செயலி உங்களுக்குக் கொடுக்கும். அவர்களுக்கும் அது அதையேதான் கொடுத்திருக்கும். போதாக்குறைக்கு 'படிக்கும்போது கேட்க' வகைப் பட்டியல்களில் மென்மையானவை மட்டுமே சேரும். ஆல்பத்தின் பின்னட்டையில் உள்ள பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவதுதான் என் வழி.

முதல் இழை, ஆல்பத்தைப் பதிவு செய்தவர். ஸ்டீவ் ஆல்பினி (2024-இல் காலமானார்) தயாரிப்பாளர் என்ற பட்டத்தை விரும்பாதவர், 'பதிவு செய்தவர்' என்றே போடச் சொல்வார். ராயல்டியும் வாங்கமாட்டார். மொக்வாயின் 20 நிமிட 'மை ஃபாதர் மை கிங்' (2001), காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவின் 'யாங்கி யூ.எக்ஸ்.ஓ.' (2002), ஆஸ்திரேலியாவின் டர்ட்டி த்ரீயின் 'ஓஷன் சாங்ஸ்' (1998) மூன்றும் அவர் பதிவு. மூன்றிலும் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள், அறையின் அளவே தெரியும். டர்ட்டி த்ரீ உங்கள் செயலியில் தானாக வந்திருக்குமா? சந்தேகம்தான். கிட்டார், டிரம்ஸ், முன்னால் ஒரு வயலின், அவ்வளவுதான் குழு.

இரண்டாவது இழை, வாசித்த ஆட்கள். இது இன்னும் சுவாரசியம். ஸ்லின்டில் கிட்டார் வாசித்த டேவிட் பாஹோ பிறகு டார்டாய்ஸில் சேர்ந்தார். டார்டாய்ஸின் ஜான் மெக்கன்டயர் கஸ்டர் டெல் சோல் குழுவின் பதிவுகளிலும் வாசித்தார். கஸ்டர் டெல் சோலில் இருந்த ஜிம் ஓ'ரூர்க் பிற்பாடு நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவில் உறுப்பினரானார். சோனிக் யூத்தின் லீ ரனால்டோ அதற்கு முன் க்ளென் பிராங்காவின் 'தி அசென்ஷன்' (1981) ஆல்பத்தில் வாசித்தவர். பார்த்தீர்களா, ஐந்து பெயரில் லூயிவில்லில் இருந்து நியூயார்க் வந்துவிட்டோம். வழியில் ஒரு வருடத்துக்குக் கேட்கத் தேவையானது கிடைத்துவிடும்.

மூன்றாவது இழை, வெளியிட்ட நிறுவனம். மான்ட்ரியாலின் கான்ஸ்டலேஷன், சிகாகோவின் க்ராங்கி, த்ரில் ஜாக்கி போன்ற சிறு நிறுவனங்களுக்கு ஒரு ருசி உண்டு. பிடித்த ஆல்பத்தை வெளியிட்டவர்கள் அதே காலத்தில் வேறென்ன வெளியிட்டார்கள் என்று பாருங்கள். பேண்ட்கேம்ப் இசைத் தளத்தில் நிறுவனப் பக்கத்தை மேலிருந்து கீழே உருட்டினாலே போதும்.

கேள்வி: காட்ஸ்பீடின் 20 நிமிட டிராக்குகளை எப்படித்தான் முழுசாகக் கேட்கிறீர்கள்?

20 நிமிடம் என்று நினைக்காதீர்கள். 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்' (2000) நான்கே டிராக், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிப் பெயருள்ள பகுதிகள் இருக்கின்றன. அந்தப் பகுதிகளின் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிராக் போதும். வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் நடுவில் வரும் பேச்சுப் பதிவுகள் எல்லாம் வீண்.

கேள்வி: கிட்டார் இருக்கிறது, ஒரு டிலே பெடல் (எதிரொலி உண்டாக்கும் கருவி) இருக்கிறது. அந்த ஒலி எனக்கு வரவில்லை. என்ன வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம், முதலில் கணக்குப் போடுங்கள். 60,000-ஐ தாள வேகத்தால் வகுத்தால் ஒரு தாள அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500. அதில் முக்கால் பங்கு, அதாவது 375-இல் டிலேயை வைத்துவிட்டு, ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு சுரம் மீட்டுங்கள். எதிரொலி இடையில் விழுந்து, நீங்கள் வாசிக்காத ஒரு தாளம் உருவாகும். பாதி மாயம் அங்கேதான்.

அடுத்தது வலது கை. ஒரே தந்தியில் மேலும் கீழுமாக வேகமாக மீட்டிக்கொண்டே, மீட்டும் அழுத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெடலை மிதித்து ஏற்றும் சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு உடனே தெரியும். மோனோ என்ற ஜப்பானியக் குழு இதில் கில்லாடி.

பிறகு பெடல் வரிசை. வழக்கமாக டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரடுமுரடாக்குவது) முதலில், டிலேயும் ரிவெர்பும் (பெரிய கூடத்தின் முழக்கத்தைச் சேர்ப்பது) அதற்குப் பின்னால். ரிவெர்பை முன்னால் போட்டு டிஸ்டார்ஷனைப் பின்னால் போட்டால் எல்லாம் கரைந்து ஒரே சுவராகிவிடும். அதுவும் தேவைப்படும் இடம் உண்டு.

வில் கொண்டு வாசிப்பது பற்றி வேறொருவர் கேட்டிருந்தார். ஐஸ்லாந்துக் குழுவான சிகுர் ரோஸின் யோன்சி பயன்படுத்துவது செல்லோ வில். கிட்டாரின் தந்திகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் வயலின் போல ஒரு தந்தியைத் தனியாகப் பிடிக்க முடியாது, பல தந்திகள் சேர்ந்தே ஒலிக்கும். ஓரத் தந்திகள் மட்டும் தனியாகக் கிடைக்கும். ரோசின் (வில்லில் பூசும் பிசின்) தாராளமாகப் பூசுங்கள். அப்புறம் தந்தியெல்லாம் பிசுபிசுக்கும், வேறு வழியில்லை.

கேள்வி: குழு வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம். கிட்டார் மட்டும் விசித்திரமாக ஒலிக்க வேண்டும்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஃபிரெட் ஃப்ரித், 'கிட்டார் சோலோஸ்' (1974). கழுத்தின் உச்சியில் இன்னொரு பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) பொருத்தியதால், விரல் அழுத்தும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தந்தி பேசும். கீத் ரோ அறுபதுகளிலேயே கிட்டாரை மேசையில் படுக்கவைத்துவிட்டார். ஓவியம் படித்தவர். ஓவியர் ஜாக்சன் போலாக் கான்வாஸைத் தரையில் விரித்த மாதிரி என்று அதற்கு விளக்கமும் உண்டு. அவருடைய ஏ.எம்.எம். குழுவைப் பொறுமை இருக்கும் நாளில் கேளுங்கள். இன்னொரு பரிசோதனை கிட்டார்காரரான டெரெக் பெய்லியை அதைவிடப் பொறுமை இருக்கும் நாளில்.

சுலபமான வாசல் வேண்டுமா? ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் செய்த 'நோ புஸ்ஸிஃபுட்டிங்' (1973). இரண்டு டேப் ரெக்கார்டர்கள், ஒன்றில் பதிவாகும் நாடா அப்படியே நீண்டு இரண்டாவதில் ஓடும், அங்கே ஒலிப்பது மறுபடி முதலாவதுக்குத் திரும்பிப் பதிவாகும். வாசித்ததைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப் பெடலை இன்று கடையில் விற்கிறார்களே, அதன் பாட்டனார் அது.

மின்சாரமே வேண்டாம் என்றால் ஜான் ஃபேஹி. உலோகத் தந்தி அகூஸ்டிக் கிட்டார், சுருதி மாற்றி வைத்து விரலால் மீட்டுவது. முதல் ஆல்பத்தை 1959-இல் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெறும் 100 பிரதி போட்டார். கடைசிக் காலத்தில் அவருடைய ஒரு ஆல்பத்தைத் தயாரித்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன ஓ'ரூர்க்தான்.

கேள்வி: கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். தம்புரா போல ஒரே சுருதி நீண்டு நிற்கும் கிட்டார் இசை உண்டா?

உண்டு, தொடர்பும் நேரடியானதுதான். அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டி யங் நீள்சுருதியை வைத்தே இசை செய்தவர், 1970 முதல் இந்துஸ்தானி இசையின் கிரானா பாணிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்தார். யங்குடன் வேலை செய்த ரைஸ் சாத்தம் 'கிட்டார் ட்ரியோ' (1977) எழுதினார். அதில் கிட்டார்கள் கிட்டத்தட்ட ஒரே ஒரு சுரத்தையே அடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் யாரும் வாசிக்காத மேல் சுரங்கள் மிதக்கத் தொடங்கும். தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைக் கேட்ட காதுக்கு இது புதிதே அல்ல. கனமாக வேண்டுமென்றால் எர்த் குழுவின் 'எர்த் 2' (1993): மூன்று டிராக், 70 நிமிடத்துக்கு மேல், டிரம்ஸ் பேருக்குத்தான்.

கேள்வி: சிகுர் ரோஸ் என்ன மொழியில் பாடுகிறார்கள்?

பெரும்பாலும் ஐஸ்லாண்டிக். அடைப்புக்குறி மட்டும் தலைப்பாக உள்ள 2002 ஆல்பத்தில் முழுக்கப் பொருளற்ற ஒலிகள். வரிகளைத் தேட வேண்டாம்.

கேள்வி: நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் "எப்ப பாட்டு ஆரம்பிக்கும்?" என்கிறார்கள். எப்படிப் பரிந்துரைப்பது?

முதலில் அவர் என்ன கேட்கிறார் என்று கேளுங்கள். ஜாஸ் பிடித்தவருக்கு டார்டாய்ஸின் 'டி.என்.டி.' (1998), மெட்டல் பிடித்தவருக்கு பெலிக்கனின் 'ஆஸ்திரலேசியா' (2003), மின்னிசை பிடித்தவருக்கு 65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக்கின் 'தி ஃபால் ஆஃப் மேத்' (2004), சிக்கலான தாளத்துக்குத் தலையாட்டுபவருக்கு ஜப்பானின் டோ. ஒரு டிராக் மட்டும் அனுப்புங்கள். "எட்டாவது நிமிடம் வரை பொறு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போல எரிச்சல் வேறில்லை. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த இசையின் காலம் முடிந்துவிட்டதா?

மொக்வாயின் 'ஆஸ் தி லவ் கன்டின்யூஸ்' 2021-இல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதனால் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதைவிட ஆர்வமூட்டியது பில் ஆர்கட்டின் 'மியூசிக் ஃபார் ஃபோர் கிட்டார்ஸ்' (2022). ஆறு தந்திகளில் இரண்டைக் கழற்றிவிட்டு நான்கை வைத்து வாசிப்பவர், நான்கு கிட்டார்களையும் அவரே வாசித்திருக்கிறார். குட்டிக் குட்டியாக 14 டிராக், மொத்தமே அரை மணி நேரம்தான். எந்த ஏற்றமும் இல்லை, ரிவெர்ப் மூட்டமும் இல்லை. இரண்டாவது கேள்வி கேட்டவர் முதலில் இதை எடுத்துக் கேட்கலாம்.